வெள்ளிக்கிழமை வந்த ஐந்தாவது கணினி

பேய், முனி, காத்துக்கறுப்பு என்று ஊரில் சொல்லுகிற எதையும் நான் நம்பினதில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கு வைக்காமல் நான் ஒரு நாளும் படுத்ததில்லை, வெள்ளிக்கிழமையில் மீன் இறைச்சி என்று மச்சம் சமைத்ததில்லை, நயினாதீவு அம்மாளை நினைக்காமல் வாசல்படி தாண்டினதில்லை, அதெல்லாம் வேறு. கடவுளைக் கும்பிடுகிற மனிசிக்கு மற்றதுகளைப் பற்றி என்ன பயம் என்பதுதான் என்னுடைய எண்ணம். புளியங்கூடலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாழ்கிணறு இருக்கிறது, அந்த இடத்தில் யாரோ நிற்பதாகச் சனம் சொல்லும், நான் அங்கேதான் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறேன். ஆகவே இவள் பயந்த சுபாவக்காரி, எதையோ பார்த்து மயங்கிப்போய் எழுதுகிறாள் என்று நினைக்கவேண்டாம். இந்த மாதிரிக் கதைகளுக்கு இரவு வேண்டும், மழை வேண்டும், தூரத்தில் நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது உச்சி வெயிலில், கோயில் மணி அடிக்கிற நேரத்தில், சனம் நிறைந்த இடத்தில். நம்புகிறதும் விடுகிறதும் உங்கள் பாடு, நான் கண்டதைத்தான் சொல்லுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல் பரீட்சை மட்டும் படித்தவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகு வாசிகசாலையில் இலவசமாகக் கணினி வகுப்பு வைத்தார்கள், வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே என்று போனேன். அது ஒன்றிலிருந்து ஒன்றாக இழுத்து, யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சோதனை பார்க்கிற வேலை கிடைத்தது, வீட்டில் இருந்தே செய்யலாம். அங்கே எனக்கு மேலே இருந்தவன் நிரூபன், என்னைவிட வயது குறைந்த பிள்ளை, மலரக்கா மலரக்கா என்று மரியாதையாகக் கதைப்பான், ஆனால் வேலையில் விடமாட்டான்.

நாங்கள் செய்தது ஒரு படகுப் பதிவு. நெடுந்தீவிலிருந்து கிளினிக்குக்குப் போகிற நோயாளிகள் படகில் இடம் கிடைக்காமல் துறையில் நின்று வாடிப்போய்த் திரும்புவதைப் பார்த்து, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் தீவு ஆட்களின் சங்கம் ஒன்று இதைச் செய்துதரச் சொல்லிக் கேட்டது. போனில் பெயரைப் போட்டால் இருக்கை ஒதுங்கிவிடும். படகு வெளிக்கிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னதாகப் பதிவு தானாக மூடிக்கொள்ளும். படகுகளின் விபரமெல்லாம் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய கணினியில் இருந்தது, அதற்கு நாங்கள் வைத்த பெயர் துறை.

என்னுடைய வேலை இது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது. முதலில் கையால் பார்த்தேன். பெயர் போட்டு, இடம் எடுத்து, மூடுகிற நேரத்தில் எடுக்க முடிகிறதா என்று பார்த்து, திருப்பித் திருப்பி அதே வேலை. பிறகு நிரூபன் தானியங்கிச் சோதனை எழுதப் பழக்கினான். செய்யவேண்டியதை ஒருதரம் வரிவரியாக எழுதிவைத்தால் கணினியே அதைச் செய்து பார்க்கும், சரி என்றால் பச்சை, பிழை என்றால் சிவப்பு, கடைசியில் திரையை ஒரு படமும் எடுத்து வைக்கும். யாரும் தொடாமலே பெட்டிகளில் எழுத்து விழுவதையும் பொத்தான்கள் அழுந்துவதையும் முதல்தரம் கண்டபோது என் மகள் அம்மா பேய் என்று கத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். நான் சிரித்தேன். அப்போது சிரித்தேன்.

நான் எழுதின சோதனைகள் நான்கு கணினிகளில் ஓடவேண்டும். ஒன்று என்னுடைய லப்டொப். ஒன்று யாழ்ப்பாணத்து அலுவலகத்தில். ஒன்று நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் கிடந்த பழைய பெட்டி, அதை அருள்தாஸ் அண்ணை என்கிற எழுதுவினைஞர் பார்த்துக்கொண்டார். நான்காவது, வெளிநாட்டில் எங்கேயோ வாடகைக்கு எடுத்தது, அதை எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் பச்சை வந்தால்தான் சனத்துக்குக் கொடுக்கலாம் என்பது சங்கத்தின் கட்டளை.

வரவில்லை. என்னுடையதில் எப்போதும் முழுப்பச்சை. மற்ற மூன்றிலும் பதிவு மூடுகிற நேரத்தைப் பார்க்கிற சோதனைகள் சிவப்பு. அதுவும் எப்போதும் சிவப்பு என்றால் பிழையைப் பிடிக்கலாம், இது காலையில் பச்சை, பின்னேரம் சிவப்பு, ஒரு நாள் அலுவலகத்தில் மட்டும், ஒரு நாள் எல்லாவற்றிலும். நெடுந்தீவில் முக்கால்வாசி நாள் சிவப்புத்தான். இணைப்பு மந்தம் என்று நினைத்து, ஒவ்வொரு சோதனையிலும் கொஞ்சம் பொறுத்துச் செய் என்று வரி சேர்த்தேன். பொறுமையைக் கூட்டக் கூட்டச் சிவப்பும் கூடியது. அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மனதுக்குள் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் லப்டொப்பைச் சாமி அறை வாசலில் வைத்துத்தான் வேலை செய்வேன், மூடியில் திருநீறு பூசியிருப்பேன். என்னுடையதில் மட்டும் பச்சை வருவது அம்மாளின் அருள் என்று நான் உண்மையாகவே நினைத்தேன். ஒருநாள் எல்லாரும் போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது அதை வாய்தவறிச் சொல்லியும்விட்டேன்.

அருள்தாஸ் அண்ணை விடுவாரா. "தங்கச்சி, இஞ்ச என்ர பெட்டிக்கு மேல மாதா படம் வச்சிருக்கிறன். எங்கட மாதா பொய்க்குப் பச்சை குடுக்கமாட்டா."

"அண்ணை, நீங்கள் மாதா படத்தை வச்ச நேரம் பெட்டிக்குள்ள கிடக்கிற எலியைத் துரத்தியிருக்கலாம்" என்றான் நிரூபன்.

"எலியும் ஞானஸ்நானம் எடுத்தது தம்பி, அதைத் துரத்த ஏலாது."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கதையின் முடிவில் நிரூபன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது சிரிக்கிற விஷயம் இல்லை. "அக்கா, திங்கக்கிழமை சங்கத்து ஆக்களுக்கு ஓட்டிக் காட்டோணும். நாலிலயும் பச்சை வரேல்லை எண்டா சோதனை வேலையைக் கொழும்பு ஆக்களிட்டக் குடுக்கப் போறம் எண்டு சொல்லிப்போட்டினம். பேந்து உங்களை வச்சிருக்க எனக்கு வழியில்லை. குறை நினையாதேங்கோ."

என்னைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். இந்த வேலை போனால் என் மனிசன் வெளிநாடு போவார், அதுதான் எனக்கு முன்னால் நின்றது. அவர் மகேந்திரன், நண்டுக்கு வலை போடுகிறவர். கடல் கைவிட்ட வருஷம் அது. போட்ட வலை காலையில் கந்தலாகக் கிடக்கும், சிலவேளை வலையே கிடக்காது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஏஜென்சியில் கட்டாருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கடவுச்சீட்டு எடுத்து அலுமாரிக்குள் வைத்திருந்தார். "உம்மட வேலை நிரந்தரமானாச் சமாளிக்கலாம், இல்லாட்டி வெளிக்கிடத்தான் வேணும்" என்று சொல்லியிருந்தார். எங்கள் ஒழுங்கைத் தெருவில் அப்படிப் போனவர்களின் வீடுகளில் தகப்பனைப் போனுக்குள் மட்டும் பார்த்து வளருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்னவன் இரவில் தகப்பனின் காலில் தன் காலைப் போட்டுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுவான். 

திங்கட்கிழமைக்கு முன் வந்த வெள்ளிக்கிழமை நான் நயினாதீவுக்குப் போனேன். இனி என்னால் செய்ய ஒன்றும் இல்லை, அம்மாளிடம்தான் ஒப்படைக்கவேண்டும் என்று மனம் சொல்லியது. என் மனிசன் விடியவே வெளிக்கிட்டுப் போய்விட்டார், பிள்ளைகள் பள்ளிக்கூடம். நிரூபன் உச்சிநேரத்துக்கு நான்கு கணினியிலும் ஒரே நேரத்தில் சோதனையைத் தொடக்குவதாகச் சொன்னபடியால் லப்டொப்பை ஓடவிட்டு, வீட்டைப் பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிக் குறிகட்டுவானில் இறங்கிப் படகு எடுத்தேன்.

உச்சிக்காலப் பூசை முடிந்து கையில் திருநீறோடு வெளிவீதியில் நிற்கிறேன், மணி இன்னும் அடங்கவில்லை, போன் அதிர்ந்தது. சோதனை முடிந்தால் அப்படித்தான் அதிரும். திருநீறைப் பூசிக்கொண்டு திறந்து பார்த்தேன். அலுவலகம் சிவப்பு. நெடுந்தீவு சிவப்பு. வாடகைப் பெட்டி சிவப்பு. என்னுடையது பச்சை. வழக்கம்போல என்று நினைத்து மூடப்போனேன், அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

ஐந்தாவது வரி. கணினியின் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் முழுப்பச்சை.

நிரூபனுக்கு எடுத்தேன். "தம்பி, புதுசா ஒரு மெஷின் சேத்தனீரோ?"

"இல்லையே அக்கா. ஏன்?"

"பக்கத்தைத் திறந்து பாரும். அஞ்சு வரி இருக்கு."

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அக்கா, நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்?"

"கோயில்ல."

"வீட்டில ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, பூட்டிக் கிடக்கு."

"இதுக்கு விலாசமே இல்லையக்கா. எங்க இருந்து ஓடினது எண்டு துறைக்கே தெரியேல்லை. ஆரோ உள்ளுக்க வந்திட்டாங்கள். நான் எல்லாத்தையும் நிப்பாட்டப் போறன்."

"பொறும் தம்பி, நிப்பாட்டாதையும். அது எப்பிடிப் பச்சையாச்சு எண்டு நான் பாக்கோணும்."

"கள்ளன் வீட்டுக்க நிக்கிறான் எண்டு சொல்லுறன், அவன் என்ன கறி காச்சினவன் எண்டு பாக்கப் போறியளோ?"

எனக்கு வேறு வழி இல்லையே. அவன் நிற்பாட்டுவதற்குள் ஐந்தாவது வரியைத் திறந்து, மேலிருந்து கீழாக உருட்டி உருட்டி, ஒவ்வொரு திரையையும் போனில் படமாகப் பிடித்தேன். என்ன இருக்கிறது என்று வாசிக்கவில்லை, விரல் போன வேகத்தில் பிடித்தேன். கடைசிப் படம் பிடித்ததும் பக்கம் வெள்ளையாகிப் போனது. நிரூபன் எல்லாவற்றையும் மூடி, கடவுச்சொற்களை மாற்றித் திரும்பத் திறந்தபோது நான்கு வரிதான் இருந்தது. ஆனால் அவனும் கண்டவன். இதை எழுதுகிறேன் என்று சொன்னபோது, "என்னையும் சாட்சிக்குப் போடுங்கோ அக்கா, எனக்கு இன்னும் விடை தெரியாது" என்றான். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

திரும்பி வருகிற படகில் மூலையில் குந்தியிருந்து முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சோதனையும் தான் செய்ததை வரிவரியாகச் சொல்லிவைக்கும். நான் எழுதின சோதனை எப்படித் தொடங்கும் என்றால், இப்போது என்ன நேரம் என்று தான் இருக்கிற கணினியைப் பார்த்துக்கொள்ளும், அதிலிருந்து கொஞ்ச நேரம் தள்ளிப் படகு வெளிக்கிடுவதாக வைத்துக்கொள்ளும், அந்தப் படகில் இடம் எடுக்கும். ஐந்தாவது வரியில் அதற்கும் முன்னால் நான் எழுதாத ஒரு வரி இருந்தது.

"துறையிடம் நேரத்தைக் கேட்டேன்."

அவ்வளவுதான். கடல் காற்றில் போனைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் துறையிடம் கேட்கவேண்டும், நேரம் எல்லா இடத்திலும் ஒன்றுதானே. அப்படி நினைத்துக்கொண்டு நான்கு கணினிகளும் தொடங்கின நேரத்தைத் தேடிப் பார்த்தேன். ஒரே நொடியில் நிரூபன் தொடக்கிவிட்டவை. மூன்று ஒரே நேரத்தைச் சொல்லின. என்னுடையது மட்டும் முன்னுக்கு நின்றது.

இதை நான் முதலே உங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும், தீவில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றபடியால் விட்டுப்போய்விட்டது. எங்கள் பக்கத்தில் மணிக்கூட்டைச் சரியான நேரத்தில் வைக்கிற வீடு குறைவு. படகும் பஸ்ஸும் ஒருவருக்கும் நிற்காது, ஆகையால் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவைத்து நாங்களே எங்களை ஏமாற்றிக்கொள்ளுவோம். எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு, அவருடைய கைமணிக்கூடு, என் போன், எல்லாம் அப்படித்தான். லப்டொப் வந்த அன்று அது சுவர் மணிக்கூட்டோடு ஒத்துப்போகவில்லை என்று நான்தான் அதன் நேரத்தையும் முன்னுக்குத் தள்ளிவிட்டேன். பிறகு அதை மறந்தே போனேன், வேப்பமரம் வாசலில் நிற்பதை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆக நடந்தது இதுதான். என் கணினி முன்னுக்கு ஓடினதால் அது வைத்த படகு துறையின் கணக்கில் வெளிக்கிட எவ்வளவோ நேரம் இருந்தது, ஆகவே எப்போதும் பச்சை. மற்றவை சரியான நேரத்தில் ஓடினபடியால் பதிவு மூடுகிற நேரம் மயிரிழையில் நின்றது, இணைப்பு கொஞ்சம் இழுத்தால் கதவு மூடிவிடும், சிவப்பு. நான் பொறு பொறு என்று வரி சேர்க்கச் சேர்க்க அதுகள் இன்னும் பிந்தின. அருள்தாஸ் அண்ணையின் மாதா சொன்னதுதான் சரி, பொய்ப் பச்சை வந்தது என்னுடையதில்தான். படகில் நான் தனியே சிரித்திருக்கிறேன் போல, பக்கத்தில் இருந்த மனிசி என் நெற்றியில் திருநீறைப் பூசிவிட்டு, "நேர்த்தி நிறைவேறிட்டுதோ பிள்ளை" என்று கேட்டா. ஓம் என்றேன்.

குறிகட்டுவானில் இறங்கினவுடன் நிரூபனுக்கு எடுத்தேன். "தம்பி, உங்கட மெஷின் ஒண்டிலயும் பிழையில்லை. என்ர மணிக்கூடு முன்னுக்கு ஓடுது."

"உங்கட வீட்டில மணிக்கூடு முன்னுக்கோ ஓடுது?"

"தீவில எந்த வீட்டில ஓடேல்லை? தம்பி, அதில இன்னொண்டு இருக்கு. சோதனையில பதிவை மூடுறது துறை, ஆனா சனத்தின்ர போனில மூடுறதுக்குப் போனின்ர நேரத்தைத்தானே பாக்கிறம்? இஞ்ச போனையும் முன்னுக்குத்தான் வைக்கிறவை. படகு துறையில நிக்கேக்க எங்கட பதிவு மூடிப்போட்டுது எண்டு காட்டும்."

 "கிளினிக்குக்குப் போற வருத்தக்காரர் துறையில நிண்டு எங்களுக்கு மண் அள்ளி எறிஞ்சிருப்பினம் அக்கா" என்றான்.

அன்று பின்னேரம் அடுப்பு மூட்டவில்லை, பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கின பாணும் சம்பலும். எந்தச் சோதனையும் தான் இருக்கிற கணினியை நம்பக்கூடாது, முதல் வேலையாகத் துறையிடம் நேரத்தைக் கேட்கவேண்டும் என்று எல்லாவற்றிலும் மேலே அந்த வரியை எழுதினேன். நான் சேர்த்த பொறு பொறு எல்லாவற்றையும் அழித்தேன். சனம் பாவிக்கிற பதிவும் துறையைக் கேட்கிற மாதிரி நிரூபன் மாற்றினான். ஓடவிட்டோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கோயில் கொடிச்சீலை மாதிரி மேலிருந்து கீழாக ஒரே பச்சை. அருள்தாஸ் அண்ணை போனில், "தங்கச்சி, என்ர பெட்டி சுகப்பட்டிட்டுது, இனி எலியைத் துரத்துறன்" என்றார். நான் சாமி அறை வாசலில் விழுந்து கும்பிட்டேன். அம்மாளே, நீ என்னுடையதில் பச்சை போடவில்லை, என்னுடைய பிழையைக் காட்டித் தந்தாய் என்று சொல்லிக் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் நான் இருந்த கதிரையின் நுனியில்தான் இருந்தேன், சாய்ந்து இருக்க முடியவில்லை. சங்கத்து ஆட்கள் திரையில் தெரிந்தார்கள், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு. ஓட்டிக் காட்டினோம், நான்கும் பச்சை. அவர்களில் ஒரு வழுக்கைத் தலை ஐயா நம்பவில்லை. "போன கிழமை சிவப்பு, இந்தக் கிழமை பச்சை. நாளைக்கு என்ன நிறம் பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்கு எங்கேயிருந்து துணிவு வந்ததோ. "ஐயா, நாங்கள் இப்ப எல்லாக் கணினியின்ர மணிக்கூட்டையும் வேணுமெண்டு குழப்பிவிடுறம். நீங்களே ஓடச் சொல்லுங்கோ" என்றேன். நிரூபன் என்னைத் திரும்பிப் பார்த்தான், இப்படிச் செய்வதாக நாங்கள் பேசியிருக்கவில்லை. பார்த்துவிட்டு வாடகைப் பெட்டியை நாளைக்கு என்று மாற்றினான், அலுவலகத்தில் இருந்ததை நடுச்சாமத்துக்குத் தள்ளினான்.

"நான் என்ர பெட்டியை நேற்றைக்குப் போட்டிட்டன்" என்றார் நெடுந்தீவிலிருந்து அருள்தாஸ் அண்ணை. "நேற்றுக் காச்சின நண்டுக் குழம்பு இருக்கு, அந்த ஐயாவுக்கு அனுப்பவோ?"

ஓடவிட்டோம். ஒரு கணினி நேற்றில் நின்றது, ஒன்று நாளையில் நின்றது, ஒன்று சாமத்தில், என்னுடையது வழக்கம்போல முன்னுக்கு. நான்கும் பச்சை. திரும்பவும் ஓடச் சொன்னார் அந்த ஐயா. பச்சை. நெடுந்தீவு இணைப்பு நடுவில் அறுந்து திரும்பி வந்தது, அப்போதும் பச்சை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் கப்பல்ல வேலை செய்தனான் பிள்ளை. கரையைக் கேக்காமல் ஓடின கப்பலுகளைக் கண்டிருக்கிறன். இந்த வேலை உம்மட்டயே இருக்கட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, யாரும் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன். பார்த்தார்கள்தான். அந்த வாரமே என்னை நிரந்தரமாக்கினார்கள். என் மனிசனின் கடவுச்சீட்டு அலுமாரிக்குள்ளேயே இருக்கிறது, இப்போது அதன்மேல் சேலைகள் அடுக்கியிருக்கிறேன். படகுப் பதிவு ஓடுகிறது, நெடுந்தீவுச் சனம் இருக்கை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறது, அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நிறையும்.

இதோடு முடிந்திருந்தால் யாரோ ஒரு கெட்டிக்காரப் பிள்ளை விளையாட்டுக்கு உள்ளே வந்து உதவிசெய்துவிட்டுப் போனான் என்று நானும் விட்டிருப்பேன். நிரூபன் பல நாள் தேடினான், கிடைக்கவில்லை, அவனும் அப்படித்தான் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

சில மாதம் போனபிறகு சங்கத்து ஆட்கள், எடுத்த இடத்தை வேண்டாம் என்று விடுவதற்கும் ஒரு வழி வேண்டும் என்று கேட்டார்கள். அதுவரையில் பதிவில் அப்படி ஒன்று இல்லை, எடுத்தால் எடுத்ததுதான். நிரூபன் புதிதாகப் பொத்தான் செய்தான், பயணத்தை நிறுத்து என்று எழுதி, திரையின் இடப்பக்கக் கீழ்மூலையில், செவ்வரத்தம்பூச் சிவப்பு நிறத்தில். நான் அதற்குச் சோதனை எழுதி ஓடவிட்டேன். கடைசியில் அது எடுத்துவைத்த படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதை நான் முன்னமே எங்கேயோ கண்டிருக்கிறேன்.

போனை எடுத்து நயினாதீவில் பிடித்த படங்களைத் தேடினேன். முதல் படத்தில் தேவையான வரி கிடைத்துவிட்டபடியால் மற்றவைகளை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. உருட்டிக்கொண்டே கடைசிப் படத்துக்கு வந்தேன். எங்கள் நான்கு கணினியிலும் இல்லாத ஒரு சோதனை, ஐந்தாவது வரிக்கு அடியில், தனியாக. பச்சை. பக்கத்தில் திரையின் படம். இடப்பக்கக் கீழ்மூலையில் அதே பொத்தான், அதே நிறம், நிரூபன் அதை நினைப்பதற்குப் பல மாதம் முன்னால்.

எங்கள் சோதனைகளில் பயணியின் பெயர் எப்போதும் சோதனை ஆள் என்றுதான் இருக்கும். அந்தப் படத்தில் பயணி மகேந்திரன். கீழே, பயணம் நிறுத்தப்பட்டது.

அலுவலகத்தில் என் மனிசனின் வெளிநாட்டுக் கதை ஒருவருக்கும் தெரியாது. நான் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். "இஞ்சாருங்கோ, நான் நயினாதீவுக்குப் போன அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் கடலுக்குத்தானே போனனீங்கள்?"

அவர் தலை நிமிரவில்லை. "ஏன் இப்ப கேக்கிறீர்?"

"சும்மா."

"கடலுக்குப் போகேல்லை. யாழ்ப்பாணம் போனனான், ஏஜென்சிக்கு. கையெழுத்தை வச்சிட்டு வந்து சொல்லுவம் எண்டு. முதலே சொன்னா நீர் அழுவீர்."

"பேந்து என்ன நடந்தது?"

"அங்க ஆக்களைப் பதியிற பெட்டையின்ர கொம்பியூட்டர் என்ர பேரை எடுக்கேல்லை. அவள் அடிக்க அடிக்க அழிஞ்சு போச்சு. எனக்கு முன்னுக்கு நிண்டவன்ர பேரும் ஏறிச்சு, பின்னுக்கு நிண்டவன்ர பேரும் ஏறிச்சு, என்ரைதான் ஏறேல்லை. திங்கக்கிழமை வாங்கோ அண்ணை எண்டாள். திங்கக்கிழமை உம்மட வேலை சரிவந்திட்டுது, நான் ஏன் போறன்?"

"அது எந்த நேரம்?"

"உச்சி இருக்கும். வயிறு கத்தினபடியா ஞாபகம்." சிரித்துவிட்டு வலையைப் பொத்தத் தொடங்கினார்.

படத்தை நான் அவருக்குக் காட்டவில்லை. அம்மாள்தான் செய்தா என்று சொன்னால் என் மனம் ஆறும், ஆனால் அம்மாள் எதற்குப் பெயரில்லாத ஒரு வரியில் வரவேண்டும் என்று நினைக்கும்போது அந்த ஆறுதல் பாதியில் நின்றுவிடுகிறது. இப்போது என் போனில் இடம் குறைந்துவிட்டது. பழைய படங்களை அழிக்கவா என்று அது அடிக்கடி கேட்கிறது, அந்தக் கடைசிப் படத்தைத்தான் முதலாவதாக எடுத்துக் காட்டுகிறது. நான் வேண்டாம் என்று அழுத்துகிறேன். நிறுத்தப்பட்டது என்று சொல்லுகிற ஒன்றை அழித்தால், நின்றது திரும்பத் தொடங்கிவிடுமோ என்று எனக்குத் தெரியாது.